மிதிபலகைக்கு ஒரு பொன்னாடை

வெளியீட்டு விழா நடக்காத எந்த எழுத்தும் எழுத்து ஆகாது என்பது அகில இலங்கைத் தமிழ் இணைய எழுத்தாளர் பெருமன்றத்தின் யாப்பில் முதலாவது விதி. எந்த விழாவுக்கும் தலைவரே தலைமை தாங்குவார் என்பது இரண்டாவது விதி. மூன்றாவது விதியைப் பற்றிப் பெருமன்றம் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் முன்னறைதான் பெருமன்றத்தின் தலைமைக் காரியாலயம். அங்கே பெயர்ப்பலகை இருந்தது, இறப்பர் முத்திரை இருந்தது, மறைந்த போஷகர்களின் படங்கள் மாலையோடு இருந்தன. கணினி மட்டும் இல்லை. தலைவர் சுந்தரலிங்கம் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. "மீன்பிடிப் பகுதியில நான் உதவிப் பணிப்பாளரா இருந்து பென்சன் எடுத்தனான். ஒருநாளாவது கடலுக்குப் போனனானோ?" என்று கேட்பார்.

ஆகவே பெருமன்றத்தின் எழுத்து வேலைகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்த ஷபீகாவின் கடைக்கு வந்தன. வெளிநாட்டு அழைப்பு, போட்டோக்கொப்பி, இன்டர்நெட், தமிழ் டைப்பிங் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதில் கடைசியாகச் சொன்னதற்குப் பொறுப்பாக இருந்தவள் மயிலம்மா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பஸ்ஸுக்குள்ளே போக இடம் கிடைக்காது. புட்போட் மிதிபலகையில் ஒரு கால், பொது வாழ்க்கையில் ஒரு கால் என்று தொங்கிக்கொண்டு வந்து சேர்வாள். ஆட்களோடு கதைப்பது அவளுக்குக் கஷ்டம். கதைக்க வேண்டியதை எல்லாம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், சுவரோரம் இருந்த கடைசி மெஷினில் எழுதிவிடுவாள்.

அப்படி உண்டானதுதான் "மிதிபலகை" என்ற வலைப்பூ. கிராண்ட்பாஸில் ஏறி, மடியில் வைத்த பாரை மீனோடு கதைத்துக்கொண்டே வரும் கிழவர், மிச்சக் காசு தராமல் வானத்தைப் பார்க்கும் கொண்டக்டர், சோதனைச் சாவடியில் பஸ் முழுதும் இறங்கி வரிசையில் நிற்க, கூடைக்குள்ளே சீட்டிலேயே இருந்து வந்த ஒரு கோழி: இவர்களைப் பற்றி எழுதினாள். டைப் பண்ணக் கொண்டுவரும் பேச்சை, மைக்கில் பேசுவதுபோலவே நின்று வாசித்துக் காட்டும் "தொண்டையைச் செருமுபவர்" என்ற ஒருவரைப் பற்றியும் எழுதினாள். பெயர் போடவில்லை. படம் போடவில்லை. அந்த யுத்த வருடங்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயர் போய்ச் சேர வேண்டிய இடங்கள் ஏற்கனவே நிறைய இருந்தன. பொலிஸ் பதிவு, கிராம சேவகர், வீட்டுக்காரர், சாவடி. இன்னோர் இடத்துக்கும் அதை அனுப்பிவைக்க அவளுக்கு மனமில்லை.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் வலைப்பூ தானாகவே ஒரு வரியைப் போடும். "மறுமொழிகள் இல்லை." காலையில் கடையைத் திறந்ததும் மயிலம்மா முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். எப்போதாவது அனானி என்ற பெயரில் யாரோ வந்து, "டெம்ப்ளேட்டை மாற்றவும்" என்று எழுதிவிட்டுப் போவார். அதைத் தவிர மற்றதெல்லாம் இல்லை, இல்லை, இல்லைதான்.

ஒருநாள் சுந்தரலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"பிள்ளை, மிதிபலகை எண்டொரு வலைப்பூ இருக்காம். கேள்விப்பட்டனியோ?"

மயிலம்மாவின் விரல் விசைப்பலகையின் ஒரு கட்டையிலேயே நின்றுவிட்டது. திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது.

விஷயம் இதுதான். பெருமன்றத்துக்கு ஆயுள் உறுப்பினர்கள் ஏராளம் இருந்தார்கள். ஆனால் இணையத்தில் எழுதுகிறவர் என்று அவர்களில் ஒருவரும் இல்லை. இந்தச் சிறு குறையைக் கனடாவில் இருக்கும் மருமகன் டெலிபோனில் சுட்டிக்காட்டி, மிதிபலகையின் விலாசத்தையும் சொல்லியிருந்தார்.

"வெளியீட்டு விழா நடந்ததா எண்டு விசாரிச்சனான். ஒரு இடத்திலயும் நடக்கேல்லை. விழா வைக்காமலே இவ்வளவு காலமும் எழுதிக்கொண்டிருக்கு. இதை நாங்கள் சீர்செய்யோணும். எழுது பிள்ளை. பெருமதிப்புக்குரிய மிதிபலகை அவர்களுக்கு."

"சேர், அது பேர் இல்லீங்களே. அது வலைப்பூவோட..."

"வீட்டுக்குப் பேர் இருந்தா வீட்டுக்காரருக்கும் அதுதான் பேர். எழுது."

தற்குறிப்பு ஒன்று, கடவுச்சீட்டு அளவில் படங்கள், கிராம சேவகர் அத்தாட்சி, பொலிஸ் பதிவின் பிரதி ஆகியவற்றோடு எழுத்தாளர் உடனே நேரில் தோன்ற வேண்டும். தோன்றினால் பொன்னாடை போர்த்தப்படும். பெயரும் விலாசமும் படத்தோடு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும். மயிலம்மா பிழையில்லாமல் டைப் செய்து, தனக்கே அனுப்பினாள். பின்னால் இருந்த மெஷின் டிங் என்றது.

"வேகம்தான்," என்றார் சுந்தரலிங்கம்.

அவர் போனதும் ஷபீகா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்துப் போய் ஈக்கி?"

"ஒண்ணுமில்ல ராத்தா."

"பின்னுக்கு மெஷின்ல நீ என்ன செய்றன்டு நான் எந்த நாளும் கேட்டல்ல. இனியும் கேக்க மாட்டன். ஆனா ஒன்டு சொல்றன், எவன் வந்து கேட்டாலும் நீ டைப் அடிக்கிற புள்ள. அவ்வளவுதான்."

உடனே பதில் போனால் சந்தேகம் வரும் என்று மயிலம்மா சில நாள் பொறுத்தாள். பிறகு மிதிபலகையின் பெயரில் எழுதினாள். "மன்னிக்கவும். பெயரும் விலாசமும் தர விருப்பமில்லை. பொன்னாடை வேண்டாம். படித்ததற்கு நன்றி." அதைத் தானே அச்சடித்துத் தலைவரிடம் கொடுத்தாள்.

சுந்தரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் வாசித்தார்.

"வேண்டாமாமோ?"

"அப்படித்தான் போட்டிருக்குங்க சேர்."

"பொன்னாடை வேண்டாமெண்டு சொன்ன ஒரு தமிழ் எழுத்தாளரை நான் இன்னும் காணேல்லை." அவர் கண் கலங்கியது. "என்ன தன்னடக்கம், பார். தன்னடக்கம் எண்டால் சம்மதம். மண்டபத்தைப் புக் பண்ணுவம்."

விழா என்றால் முதற்பிரதி வேண்டும். கொழும்பில் முதற்பிரதியைப் பெறுவதற்கென்றே சில பெருமக்கள் வேட்டியோடு தயாராக இருக்கிறார்கள். அவர்கள் கையில் எதையாவது கொடுத்தே ஆகவேண்டும். வலைப்பூவைக் கையில் கொடுக்க முடியாது என்று மயிலம்மா மெல்லச் சொன்னாள். அப்படியானால் அதை அச்சடித்துக் கட்டித் தா என்றார் தலைவர். மேலிருந்து கீழே, ஒன்றும் விடாமல்.

"சேர், இதுல கடைசியா எழுதினதுதான் முதல்ல நிக்கும். மொதமொதல் எழுதினது அடியில. திருப்பி அடுக்கணுங்க."

"எழுத்தாளரின்ர ஒழுங்கில கை வைக்க நாங்கள் ஆர்?"

அவள் ஒழுங்கில் கை வைக்கவில்லை. பதிவுகள், அவற்றின் அடியில் மறுமொழிகள் இல்லை என்ற வரி, அனானி, பக்கத்து ஓரத்தில் ஓடும் நாட்காட்டி எல்லாம் அப்படியே வந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்துரு மாறி, வரிகள் கட்டம் கட்டமாக விழுந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் வலைப்பூவின் விலாசம் பொடி ஆங்கில எழுத்தில் நின்றது. மை மங்கிப்போன தாள்கள் ஒரு கட்டு மிஞ்சின. அவற்றையும் தலைவர் விடவில்லை. "வீணாக்கக் கூடாது. சிற்றுண்டிக் குழுவிட்டைக் குடுப்பம்," என்று வாங்கிக்கொண்டு போனார்.

விழாவன்று மேடையில் வலைப்பூவைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கடையின் பின் மெஷினையே கேட்டார்கள். மயிலம்மா திரையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு திரீவீலரில் போனாள். மண்டபத்தில் டெலிபோன் இணைப்பு இருக்கவில்லை. ஆகவே திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் கொண்ட வழக்கமான படம்தான் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல பசுமையான வலைப்பூ," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

பொலிஸ் அனுமதி எடுத்த கூட்டம் என்பதால் வாசலில் கான்ஸ்டபிள் ஒருவர் கதிரை போட்டு இருந்தார். மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. மின்விசிறி அதை அணைத்தது. திரும்பவும் ஏற்றப்பட்டது. மயிலம்மா மெஷினுக்குப் பக்கத்தில், வயர் கழலாமல் பார்த்துக்கொள்வதற்காக ஒரு ஸ்டூலில் உட்கார்த்தப்பட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே. இண்டைக்கு ஆரும் எழுதலாம் எண்டொரு நிலைமை வந்திட்டுது. தலைவர் இல்லை. முன்னுரை இல்லை. வாழ்த்துரை இல்லை. ஒருத்தி ஒரு மூலையில இருந்து எழுதுறாள், இன்னொருத்தன் இன்னொரு மூலையில இருந்து வாசிக்கிறான். நான் கேக்கிறன், இடையில நாங்கள் எங்க? இடையில ஒருத்தருமில்லாமல் ஒரு இலக்கியம் நடக்கலாமோ? இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டத்தான் பெருமன்றம் பிறந்தது. மிதிபலகை எண்டது நான் கைபிடிச்சு வளர்த்த பேனா. அவரை உருவாக்கினவன் நான் எண்டு சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை."

உண்மையில் கூச்சமில்லை என்பதை மயிலம்மா பக்கத்தில் இருந்தே பார்த்தாள்.

முதற்பிரதி பெற வந்திருந்தவர் ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் வைத்திருக்கும் அழகுமுத்து. துறைமுகத்திலிருந்து அவருக்குக் கொள்கலன் வந்துகொண்டிருந்தது. அதனால் ஆய்வுரைக்கு முன்பே பொன்னாடையை முடித்துவிட வேண்டும் என்று கேட்டார். இங்கேதான் சிக்கல் வந்தது. பொன்னாடை இருந்தது, மாலை இருந்தது, போர்த்துகிறவர் இருந்தார், படம் பிடிக்கிறவர் குனிந்து நின்றார். போர்த்துவதற்குத் தோள் இருக்கவில்லை.

மேடையில் சிறிது நேரம் குசுகுசுத்தார்கள். யாப்பைப் புரட்டினார்கள். யாப்பில் தோளைப் பற்றி எதுவும் இல்லை. அழகுமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரின் பார்வை மேடையைச் சுற்றி வந்து ஸ்டூலில் இருந்த மயிலம்மாமேல் விழுந்தது. பார்வை அவளைக் கடந்து பக்கத்தில் போய் நிலைத்தது.

"எழுத்தாளர் இதுக்குள்ளதானே இருக்கிறார்," என்றார் தலைவர்.

அழகுமுத்து கணினிக்குப் பொன்னாடை போர்த்தினார். திரையின் தலையில் மாலை போட்டார். சந்தனக் கிண்ணத்தை ஏந்தியபடி திகைத்து நின்றார்.

"ஏம்மா, இதுக்குப் பொட்டு எங்க வைக்கிறது?"

"எங்கயாச்சும் வைங்கய்யா. காத்து வர்ற ஓட்டைய மட்டும் அடைச்சிறாதீங்க."

"அல்லாவே, என்ட மெஷின்," என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஷபீகாவின் குரல் கேட்டது.

அழகுமுத்து அன்பளிப்பு உறையைக் கையில் கொடுக்க வழியில்லாமல் கட்டைகளின்மேல் வைத்தார். உறை கனமானது. மெஷின் பிங், பிங், பிங் என்று விடாமல் கத்தத் தொடங்கியது.

"பாருங்கோ," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "ஏற்புரை."

கைதட்டல் எழுந்தது. அடுத்து ஆய்வுரை. பல்கலைக்கழகத்துக் கலாநிதி ஹியூபேட் நாவலை முழுதுமாக, முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்திருந்தார். நாவல் என்றுதான் சொன்னார்.

"இந்த நாவல்ல காலம் பின்னுக்கு ஓடுது. டிசம்பர்ல தொடங்கி ஜனவரிக்குப் போகுது. இந்தத் துணிச்சல் தமிழுக்குப் புதுசு. ஒவ்வொரு அத்தியாயமும் எப்பிடி முடியுது? மறுமொழிகள் இல்லை. மறுமொழிகள் இல்லை. நவீன மனிதன்ட தனிமைய இதவிடச் சுருக்கமாச் சொல்ல ஏலாது. அனானி எண்டொரு பாத்திரம். எப்ப வந்தாலும் ஒரே வசனம்: மாற்றவும். அவர்தான் சமூக மாற்றத்தின்ட குரல். ஒரு பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள். தணிக்கைக்கு எதிரான மௌனம். கடைசியா, அந்த முடிவு." கலாநிதி கண்களை மூடிக்கொண்டார். "கடைசிப் பக்கத்தில இருக்கிற மொத்த வசனமும் இதுதான். 'வணக்கம். வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன்.' வாழ்க்கை முழுக்க எழுதி முடிச்ச பிறகு ஒரு ஆத்மா கடவுளுக்கு வணக்கம் சொல்லிட்டுக் கேக்குது: வேலை செய்யுதா எண்டு. நான் அழுதிட்டன்."

முன்வரிசையும் அழத் தயாரானது. மயிலம்மா பொன்னாடையின் நுனியை நேராக்குவதுபோலக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நடுவில ஒரு அத்தியாயம். அத நான் வாசிக்கத்தான் வேணும்," என்றார் கலாநிதி.

"விடிவதற்கு முன் லொட்ஜ் வாசலில் பஸ்கள் வந்து நின்றனவாம். கொண்டக்டர் இல்லை, டிக்கட் இல்லை, எங்கே போகிறது என்ற பலகை இல்லை என்று வாட்ச்சர் சொன்னார். உள்ளே போங்கள் என்று யாரும் கத்தவில்லையாம். எல்லாருக்கும் சீட் இருந்ததாம். நான் வேலைக்கு வந்தபோது பஸ்கள் போய்விட்டன. ஒழுங்கையில் ஒரு செருப்புக் கிடந்தது. இடது கால். நீல வார். தூக்கி மதில்மேல் வைத்தேன், வந்தால் எடுக்கட்டும் என்று. மறுமொழிகள் இல்லை."

மயிலம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் செருப்பின் குதிப்பக்கம் தேய்ந்திருந்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"டிக்கட் இல்லாத பஸ் எண்டது மரணம்," என்றார் கலாநிதி. "செருப்பு, உடலை விட்டுப்போன ஆன்மா. மதில்..."

"மரணமில்லை சேர். வவுனியா."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மெலிந்தவள், இருபது வயதிருக்கும். கதிரையின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள்.

"அந்த பஸ் வவுனியாவுக்குத்தான் போனது. லொட்ஜில இருந்த தமிழாக்களை நித்திரையில எழுப்பி, கொழும்பில இருக்கக் கூடாதெண்டு ஏத்தினவை. நானும் அதிலதான் போனனான். இப்பதான் திரும்பி வந்தனாங்கள். அந்தச் செருப்பு..."

"தங்கச்சி," என்றார் தலைவர். "நிகழ்ச்சி நிரலில கேள்வி நேரம் இல்லை."

"நான் கேள்வி கேக்கேல்லை ஐயா."

"கேள்வியே இல்லாட்டி பேந்தென்னத்துக்கு எழும்பினனீங்கள்? இருங்கோ."

அவள் உட்கார்ந்தாள். ஆனால் வாசலில் கான்ஸ்டபிள் எழுந்துவிட்டார். இவ்வளவு நேரமும் நடந்த தமிழில் அவருக்கு விளங்கிய ஒரே சொல் வவுனியா. மேடைக்கு நேராக நடந்து வந்து, அச்சடித்த கட்டைக் கையில் எடுத்தார்.

"மேக்க லிவ்வே கவுத?"

இதை எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். மண்டபத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மூன்றாம் வரிசையில் ஷபீகா மயிலம்மாவைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தாள். மயிலம்மா குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்பதுபோல இருந்தது. வாயைத் திறந்தால் தானாகவே வெளியே விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் தலைவரைப் பார்த்தார். எழுத்தாளரை உருவாக்கியவர், கைபிடித்து வளர்த்தவர், இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மம... மம நெவெய் மஹத்தயா," நான் இல்லை என்றார். "மமத் அதய் தெக்கே." நானும் இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார். பிறகு பெருமன்றம் தொடங்கிய காலத்திலிருந்து அவர் சொன்ன ஒரே உண்மைபோல, கையை நீட்டிக் காட்டினார். "மெஷின். மெஷின் எக்க, மஹத்தயா."

கான்ஸ்டபிள் மெஷினைப் பார்த்தார். அது பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் காணிக்கை உறையோடு இருந்தது. பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. அவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்ததுபோல இருந்தது. தமிழர்கள் கும்பிடும் சாமிகளைப் பற்றி அவர் ஏற்கனவே பலதும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். இது அதில் ஒன்று என்று முடிவு செய்துகொண்டார். கையிலிருந்த தாள்கட்டை மரியாதையாக மெஷினின் முன்னால் வைத்தார்.

"வடே தியெனவத?" என்று கேட்டார்.

வடை இருந்தது. நன்றியுரையை வெட்டிவிட்டு உடனே பரிமாறினார்கள். மிஞ்சிய தாள்களைச் சதுரமாகக் கிழித்து, அதில் சுற்றிக் கொடுத்தார்கள். கான்ஸ்டபிள் மூன்று எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. இடப்பக்கம் தலைவர், வலப்பக்கம் அழகுமுத்து. எழுத்தாளர் மிதிபலகை (நடுவில்) என்று கீழே போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் மயிலம்மா பின் மெஷினைத் திரும்பப் பொருத்தி, கட்டைகளுக்கு இடையில் போயிருந்த சந்தனத்தைத் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். குடையோடு சுந்தரலிங்கம் வந்தார். கையில் சுற்றுநிருபம் ஒன்று இருந்தது.

"டைப் அடி பிள்ளை. மிதிபலகை இப்ப முறைப்படி வெளிவந்திட்டுது. ஆகையால எழுத்தாளர் இனி அதில ஒண்டும் எழுதத் தேவையில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் அறிவிப்பம். வாசகர் அபிப்பிராயம் சொல்ல விரும்பினால் தலைவர் ஊடாக, மூண்டு பிரதியில்."

"சரிங்க சேர்."

அவர் அடுத்த வசனத்துக்காகத் தொண்டையைச் செருமினார். அந்த இடைவெளியில் மயிலம்மா வழக்கம்போல வலைப்பூவைத் திறந்து, வழக்கமான வரியைத் தேடினாள். செருப்புப் பதிவின் அடியில் அந்த வரி இருக்கவில்லை. மறுமொழி ஒன்று என்று இருந்தது. பெயர் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை.

"அந்தச் செருப்பு என்ர. திரும்பி வந்த அண்டைக்கு மதிலில இருந்தது, எடுத்திட்டன். ஆர் வச்சதெண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தனான். வடை சுத்தின பேப்பரின்ர அடியில இந்த விலாசம் இருந்தது. பஸ்ஸில வேறயும் நடந்தது. இஞ்ச கதைக்க விடுவினமோ?"

மயிலம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு கீழே இருந்த பெட்டிக்குள், "இங்க தலைவர் இல்ல. கதைங்க," என்று டைப் செய்து அனுப்பினாள். சற்றுப் பொறுத்து எண்ணிக்கை இரண்டாக மாறியது.

"என்ன பிள்ளை, தனியச் சிரிக்கிறாய்? நான் சொன்னது விளங்கினதோ?"

"விளங்குச்சுங்க சேர்," என்றாள் மயிலம்மா. "மெஷின் வேலை செய்யுதான்னு பாத்தேன். செய்யுது."